பக்கிளின் நடுவில் ஒரு பொட்டு

விக்டோரியா பஸ் நிலையத்தில் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு நின்றேன். எனக்கு வயிற்றுக்குத்து என்று நினைத்த ஒரு வெள்ளைக்கார அம்மா, தன்னுடைய கதிரையை விட்டு எழும்பி என்னை இருக்கச் சொன்னார். "நோ, நோ, தாங்க்யூ" என்றேன். கையை மட்டும் எடுக்கவில்லை.

வயிற்றில் ஒன்றுமில்லை. காலையிலிருந்து பயத்தில் சாப்பிடாதபடியால் உண்மையிலேயே ஒன்றுமில்லை. நான் பொத்தி வைத்திருந்தது ஒரு பெல்ட்டின் பக்கிளை.

ஜேர்மனியிலிருந்து வரும் பஸ் பிந்திவிட்டது. அதில் ஞானம் அண்ணை வருகிறார். அவருடைய தங்கச்சி பவானியை எனக்குப் பேசியிருந்தார்கள். அவர் கடல் தாண்டி வருவது என் முகத்தைப் பார்க்க அல்ல. முகத்தைப் போட்டோவில் பார்த்துச் சகித்துக்கொண்டார். அவர் பார்க்க வருவது பக்கிளை. அதன் நடுவில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் கலியாணப் பேச்சு மேலே போகும்.

என்ன இருக்கிறதென்று எனக்கே தெரியாது. பயத்துக்கு வேறு காரணம் தேவையா?

போன கிழமை இந்தத் தொடரில் நான் எழுதிய முடிவெட்டுக் கதையைப் படித்த ஒரு வாசகர், "உமக்கு லண்டனில் ஓரிடத்திலாவது மரியாதை கிடைத்ததுண்டா?" என்று கேட்டிருந்தார். ஐயா, கொஞ்சம் பொறுங்கள். அந்த இடத்துக்குத்தான் வந்துகொண்டிருக்கிறேன். ஆனால் வழியில் கால்சட்டை கழன்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

எட்டுப் பேருக்கு ஒரு கோட்

தொண்ணூறுகளின் தொடக்கம். ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வீட்டில் எட்டு ஆம்பிளைகள் இருந்தோம். ஒருவன் ஷிப்ட் முடித்து வர, அவன் படுக்கும் கட்டிலிலிருந்து இன்னொருவன் ஷிப்டுக்கு எழும்பிப் போவான். கட்டில் ஆறுவதே இல்லை.

கலியாணம் பேசப் போட்டோ அனுப்புவதற்கென்று வீட்டில் ஒரே ஒரு நீலக் கோட் இருந்தது. யார் வாங்கியது என்று யாருக்கும் தெரியாது. வீட்டோடு வந்தது என்றுதான் நம்பினோம். அதைப் போட்டுக்கொண்டு முன் வீட்டுக்காரரின் காரில் சாய்ந்து நின்று படம் எடுப்போம். ஒருமுறை ஒரே பெண் வீட்டுக்கு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேருடைய படங்கள் போய்விட்டன. "கோட்டைப் பிடிச்சிருக்கு, ஆளைத்தான் இன்னும் முடிவெடுக்கேல்லை" என்று பதில் வந்தது.

என் முறை வந்தபோது கோட் சரி. கால்சட்டைதான் பிரச்சினை. அது வீட்டிலேயே உருப்படியான ஒருவருடையது. அவர் இரண்டு பேருக்குச் சமன். நான் அரை ஆள். பெட்ரோல் ஷெட்டில் நாள் முழுக்க நின்று தேய்ந்த இடுப்பு. பெல்ட் இல்லாமல் போட்டால் படத்தில் முழங்காலுக்குக் கீழேதான் கால்சட்டை தெரியும்.

அந்தக் கிழமை ஞாயிறு சந்தையில் ஒரு கிழவன் தரையில் சாக்கை விரித்துப் பழைய சாமான்கள் வைத்திருந்தான். தடித்த தோல் பெல்ட் ஒன்று. முன்னால் சதுரப் பித்தளைப் பக்கிள். அதன் நடுவில் வெள்ளையாக ஒரு வட்டத் தகடு. "ஜேர்மன்" என்றான். அவன் பேசியதில் எனக்கு விளங்கியது அந்த ஒரு சொல்தான். ஜேர்மன் சாமான் என்றால் உடையாது என்று எனக்கு ஒரு நம்பிக்கை. வாங்கிவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுபோய் மினுக்கினேன். சும்மா மினுக்கவில்லை. பித்தளை மினுக்கும் எண்ணெய் போத்தல் பாதியாகும்வரை மினுக்கினேன். வட்டத் தகட்டில் இலை வளையம் ஒன்று தெரிந்தது. உள்ளே என்ன என்று எட்டுப் பேரும் கூடி ஆராய்ந்தோம்.

"டேய், இது கவிட்டு வைச்ச சட்டி."

"அதுக்குக் கீழ ரெண்டு அகப்பை. குறுக்கும் மறுக்குமா வைச்சிருக்கு."

"அப்ப இது குசினிக்காரன்ர பெல்ட்."

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்குச் சமைப்பது நான். பெல்ட் சரியான இடுப்புக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது என்று ஏகமனதாகத் தீர்ப்பானது. சட்டிக்கும் அகப்பைகளுக்கும் நடுவே பெருவிரல் நகமளவு இடம் மொட்டையாக இருந்தது. யாரோ தேய்த்துவிட்ட மாதிரி வழுவழுப்பு. அந்த ஜேர்மன்காரச் சமையல்காரன் ஆயுள் முழுக்க அடுப்பில் சாய்ந்து நின்று தேய்ந்திருக்கும் என்று நானே விளக்கமும் சொன்னேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவனின் விளக்கம் அப்படித்தான் இருக்கும்.

அரைக்குருக்கள்

எங்கள் வீட்டில் சிவலிங்கம் அண்ணை என்று ஒருவர் இருந்தார். நாங்கள் அவரை அரைக்குருக்கள் என்போம். பூணூல் இல்லை, மந்திரம் பாதிதான் தெரியும், ஆனால் பக்தி முழுசு. வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் அதற்குச் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைப்பார். குளிர்பெட்டிக்குப் பொட்டு. ரீவிக்குப் பொட்டு. காஸ் மீட்டருக்குப் பொட்டு. மீட்டர் பார்க்க வந்த பெடியன் அது ஏதோ ஆபத்துக் குறி என்று பயந்து, தொடாமலே போய்விட்டான்.

நான் கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்க, அவர் கிண்ணத்தோடு வழியில் நின்றார்.

"நில்லடா தேவன். நல்ல காரியத்துக்குப் போறாய். பெல்ட் புதுசெல்லோ?"

"பழைய பெல்ட் அண்ணை."

"எங்களுக்குப் புதுசுதானே."

பெருவிரலால் பக்கிளின் நட்டநடுவில் சந்தனத்தை அப்பினார். மேலே குங்குமம். அவர் சின்னப் பொட்டு வைத்துப் பழக்கமில்லாதவர். சட்டியில் பாதியும் அகப்பையில் பாதியும் மொட்டை இடம் முழுவதும் அதற்குள் போய்விட்டன.

படம் எடுத்தோம். இல்ஃபோர்ட்டில் இருந்த ஒரு மாமி மூலமாகப் படம் ஜேர்மனிக்குப் போனது. அங்கேயிருந்து பவானியின் படம் வந்தது. அதை நான் எங்கே வைத்துப் பார்த்தேன், எத்தனை தரம் பார்த்தேன் என்பதையெல்லாம் எழுதினால் பத்திரிகைக்காரர் வெட்டிவிடுவார். ஒன்று மட்டும் சொல்கிறேன். மற்றப் பெண்களைப் போலப் படத்துக்கென்று அவள் சிரிக்கவில்லை. "நீ ஆர்?" என்று கேட்கிற மாதிரிப் பார்த்தாள். எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும் போலிருந்தது.

ஒரு ரெலிபோன்

எங்கள் வீட்டு ரெலிபோன் படிக்குக் கீழே இருந்தது. ஒருவன் கதைத்தால் ஏழு பேர் கேட்போம்.

"தம்பி தேவனோ? நான் ஜேர்மனியிலயிருந்து ஞானம் கதைக்கிறன். பவானியின்ர அண்ணை."

"ஓம் அண்ணை. சொல்லுங்கோ அண்ணை. சுகமோ அண்ணை?"

மூன்று அண்ணை போட்டும் குரல் இளகவில்லை.

"போட்டோ கிடைச்சது. உந்த பெல்ட்டை உமக்கு ஆர் தந்தது?"

"சந்தையில வாங்கினது அண்ணை."

"அது என்ன பெல்ட் எண்டு தெரியுமோ?"

"சமையல்காரன்ர பெல்ட் அண்ணை."

அவர் சிரிக்கவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நடுவில ஏன் பொட்டு வைச்சு மறைச்சிருக்கிறீர்?"

"மறைக்கேல்லை அண்ணை. எங்கட வீட்டில எல்லாத்துக்கும் பொட்டு வைக்கிறது. காஸ் மீட்டருக்கும் வைச்சிருக்கு."

"தம்பி, பகிடி விடாதையும். அது பழைய ஜேர்மன் பெல்ட். உலகச் சண்டைக் காலத்துப் பக்கிளுகளில நடுவில என்ன குறி இருந்தது எண்டு உமக்குத் தெரியும்தானே? இஞ்ச அதைப் போட்டுக்கொண்டு றோட்டில போனால் பொலிஸ் பிடிக்கும். அதைப் போடுற ஆக்கள் ஆரெண்டும் எங்களுக்குத் தெரியும். நல்லாத் தெரியும்."

நான் வாயைத் திறக்கமுதல் அவரே தொடர்ந்தார்.

"நடுவில என்ன இருக்கெண்டு தெரியாமல் தங்கச்சியைத் தரேலாது. நான் விசா எடுத்துக்கொண்டு வாறன். அதே பெல்ட்டோட வந்து நில்லும். சுரண்டிக் கிரண்டிப்போட்டு வரக்கூடாது."

வைத்துவிட்டார். நான் ரெலிபோனைப் பிடித்தபடி நின்றேன். படியில் நின்ற ஏழு பேரும் என் இடுப்பைப் பார்த்தார்கள்.

சட்டி தொப்பியானது

அன்று அறைக்குப் போய், பொட்டைத் துடைத்துவிட்டு, பக்கிளை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன்.

பயம் ஒரு விசித்திரமான கண்ணாடி. முன்பு சட்டியாக இருந்தது இப்போது பட்டாளத்துத் தொப்பியாகத் தெரிந்தது. அகப்பைகள் ஆயுதங்களாகிவிட்டன. மொட்டை இடத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. அது தேய்ந்த இடமில்லை. அரத்தால் அராவிய இடம். ஒரே பக்கமாகப் போன கீறல்கள் வெளிச்சத்தில் தெரிந்தன. யாரோ இருந்து, வேலை மெனக்கெட்டு, எதையோ எடுத்திருக்கிறார்கள்.

மொட்டை என்றதும் இன்னொரு மொட்டை நினைவுக்கு வந்தது. எண்பதுகளில் நான் வந்த புதிதில், ஸ்டேஷனடியில் நிறவெறி பிடித்த மொட்டைத் தலையர் கூட்டமாக நிற்பார்கள். கணுக்காலுக்கு மேலே வரும் தடித்த சப்பாத்து. இடுப்பில் பெரிய பக்கிள். எங்களைக் கண்டால் பெல்ட்டைக் கழற்றுவார்கள். ஒருநாள் என்னைத் துரத்தினார்கள். நான் ஓடிய ஓட்டத்தை அரசாங்கம் கண்டிருந்தால் அன்றே பாஸ்போர்ட் தந்து ஒலிம்பிக்குக்கு அனுப்பியிருக்கும். பக்கிள் காற்றில் சுழன்ற சத்தம் மட்டும் முதுகுக்குப் பின்னால் நெடுநாள் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தச் சாமானை நான் மினுக்கி, பொட்டு வைத்து, கலியாணப் படத்துக்குப் போட்டிருக்கிறேனா?

எறிந்துவிடலாம் என்று நினைத்தேன். எறிந்தால், "மறைக்க ஒண்டுமில்லையெண்டால் ஏன் எறிஞ்சவர்?" என்பார். வைத்திருந்தால், இது என்ன என்று கேட்பார். படத்திலிருந்து பவானி வேறு கேட்டுக்கொண்டிருந்தாள்.

இல்ஃபோர்ட் மண்டபம்

இல்ஃபோர்ட்டில் ஒரு மண்டபத்தில் பழைய பட்டாளத்துச் சாமான் சேர்ப்பவர்களின் சந்தை நடக்கிறது என்று அந்த மாமிதான் சொன்னார். போனேன். மேசை மேசையாகத் தொப்பி, பதக்கம், பொத்தான். பக்கிள்களுக்கென்றே கண்ணாடி மூடிய பெட்டிகள். அறை முழுக்க ஈரக் கம்பளி நாற்றமும் பித்தளை நாற்றமும்.

நான் பெல்ட்டை ஒரு பிளாஸ்ரிக் பையில் சுற்றி, அதற்கு மேலே ஒரு துவாய் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். களவுச் சாமான் விற்க வந்தவன் மாதிரி மேசைக்கு மேசை போய் அவிழ்த்துக் காட்டினேன். கேட்டால் அரைகுறையாக விளங்கும், பேச வருவது இரண்டு சொல். "வாட் திஸ்?"

முதல் மேசைக்காரர் பக்கிளைத் திருப்பி, பின்பக்கத்துக் கொழுக்கியைப் பார்த்தார். பட்டாளம் என்றார். கோடரி இருக்கிறது, இது வழிவெட்டும் படைக்காரருடையது.

கோடரியா? அகப்பைகள் கோடரிகளென்று அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது மேசைக்காரர் உருப்பெருக்கியால் பார்த்தார். இல்லை, இது தீயணைப்புப் படை என்றார். தகட்டைத் தனியாகச் செய்து பொருத்தியிருக்கிறது பார், இப்படித்தான் அவர்கள் செய்வார்கள். முதலாமவர் அங்கேயிருந்தே சிரித்தார். பட்டாளத்திலும் அப்படி உண்டு என்றார். இரண்டு பேரும் என் தலைக்கு மேலால் சண்டைபிடித்தார்கள். நான் நடுவில், மருத்துவமனையில் இரண்டு டாக்டர்களுக்கு இடையில் நிற்கும் நோயாளி மாதிரி, ஆள் மாறி ஆள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது ஆள் பெல்ட்டைக் கையில் வாங்கினார். மொட்டை இடத்தை விரலால் தடவினார். "ஐயோ" என்கிற மாதிரி நாக்கைச் சூள் கொட்டினார். அராவாமல் விட்டிருந்தால் நல்ல விலை போயிருக்குமாம். அந்தக் குறி இருந்தால்தான் ஆட்கள் தேடி வாங்குவார்களாம்.

எந்தக் குறி என்று நான் கேட்கவில்லை. அவருடைய பெட்டிக்குள் வரிசையாக இருந்தன. கழுகு, அதன் காலுக்குள் அந்தக் குறி.

பெல்ட்டைச் சுற்றியெடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸில் மடியில் வைத்திருக்கப் பிடிக்கவில்லை. சீட்டுக்குக் கீழே வைத்தேன். பிறகு தவறவிட்டுவிடுவேனோ என்று காலால் மிதித்துக்கொண்டேன்.

காலண்டர் வேட்டை

ஞானம் அண்ணை வருகிற நாளும் வந்தது. காலையில் வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், குசினிச் சுவரில் குஜராத்திக் கடைக்காரர் தந்த காலண்டர். பிள்ளையார் படம். அவருக்கு இரண்டு பக்கமும் சிவப்பு நிறத்தில் பெரிதாக இரண்டு சுவஸ்திகா.

"கழட்டுங்கோ அண்ணை! கழட்டுங்கோ!" என்று கத்தினேன்.

அரைக்குருக்களுக்குக் கோபம் வந்துவிட்டது. "விசரா உனக்கு? இது சாமிக் குறி. ஆயிரம் வருசமா எங்கட. ஜேர்மன்காரங்கள் களவெடுத்ததுக்கு நான் ஏன் பிள்ளையாரைக் கழட்டவேணும்?"

"நீங்கள் சொல்லுறது சரி அண்ணை. ஆனால் எனக்குக் கலியாணம் நடக்கவேணும்."

யோசித்தார். காலண்டரைக் கழற்றி, கும்பிட்டு, அரிசி வாளிக்குள் வைத்தார். "பிள்ளையாரும் கலியாணம் கட்டாதவர்தானே. உன்ர கஷ்டம் அவருக்கு விளங்கும்" என்றார். பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். நான் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஓட்டமெடுத்தேன்.

ஜன்னல் திறக்குமோ?

பஸ் வந்தது. ஞானம் அண்ணை கடைசியாக இறங்கினார். நான் நினைத்ததைவிடச் சின்ன ஆள். களைத்த முகம், கையில் ஒரு தோல் பை. என்னை நேராகப் பார்த்தார்.

"கையை எடும் தம்பி."

எடுத்தேன். குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். தன் இருக்கையைத் தரவந்த அந்த அம்மா, இரண்டு பேரையும் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அராவியிருக்கு" என்றார். "நீரோ?"

"சத்தியமா இல்லை அண்ணை. வாங்கேக்கையே இப்படித்தான்."

ரெயிலில் வரும்போதும் பக்கிளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சுற்றிப் பார்க்கவேண்டும் என்றார். இது எதிர்பார்த்ததுதான். பெண் வீட்டார் வந்தால் குசினி பார்ப்பார்கள், கட்டில் பார்ப்பார்கள், சம்பளச் சிட்டை கேட்பார்கள். எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. நேரே மேலே என் அறைக்குப் போனார்.

"இந்த ஜன்னல் திறக்குமோ?"

"திறக்கும் அண்ணை."

"திறவும்."

இழுத்தேன். வரவில்லை. காலை வைத்து இழுத்தேன். வீட்டுக்காரன் வருடா வருடம் பூசிய பெயின்ட் ஜன்னலைச் சட்டத்தோடு ஒட்டிவைத்திருந்தது. இத்தனை வருடம் அந்த அறையில் படுத்திருக்கிறேன். திறந்து பார்த்ததே இல்லை. லண்டன் குளிரில் ஜன்னலைத் திறக்க எனக்கென்ன விசரா?

"பின்கதவால வெளியில போக எவ்வளவு நேரம்? படி மரமோ?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாப்பிள்ளை பார்க்க வந்தவர் தப்பியோட வழி பார்க்கிறாரே என்று நினைத்தேன்.

கீழே வந்து இருந்தார். அரைக்குருக்கள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அதைத் தொடாமல்தான் ஞானம் அண்ணை சொல்லத் தொடங்கினார்.

"நாங்கள் அகதியள் இருந்த வீட்டைக் கொளுத்தினவங்கள். நான் வேலைக்குப் போயிருந்தனான். இவள் பவானி மேல் மாடியில. நான் ஓடிவரேக்க வீடு எரியுது. எதிர்ப்பக்கத்தில மொட்டையன்மார் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பாத்துக்கொண்டு நிண்டாங்கள். ஒருத்தன்ர இடுப்பில சதுரமா ஒரு பக்கிள். அந்த நெருப்பு வெளிச்சத்தில மினுங்கினது. உம்மட போட்டோவில மினுங்கின மாதிரியே."

அரைக்குருக்கள் ஓரமாகத் தரையில் இருந்துகொண்டார்.

"ஜன்னல் திறக்கேல்லை. தீயணைக்கிற ஆக்கள் வந்து உடைச்சுத்தான் எடுத்தவை. ஒரு மனுசன் இவளைத் தோளில போட்டுக்கொண்டு ஏணியால இறங்கினவர். இவள் அந்தாளின்ர பெல்ட்டைப் பிடிச்ச பிடியை நிலத்துக்கு வந்தும் விடேல்லை. விரலை ஒவ்வொண்டாக் கழட்டவேண்டியிருந்தது." தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்டைக்கு ரெண்டு பக்கமும் பெல்ட் கட்டின ஆக்கள்தான் நிண்டவை தம்பி. இது எந்தப் பக்கத்துப் பெல்ட் எண்டு எனக்குத் தெரியவேணும்."

நான் பகிடிக்காரன். எந்த இடத்திலும் எனக்கு ஒரு பதில் இருக்கும். அன்று உள்ளதைத்தான் சொன்னேன்.

"இல்ஃபோர்ட்டில கேட்டனான் அண்ணை. ஒருத்தர் பட்டாளம் எண்டார். ஒருத்தர் தீயணைப்பு எண்டார். எனக்குத் தெரியேல்லை. நான் சட்டியெண்டுதான் நினைச்சனான்."

என் முகத்தை முதல்முறையாகச் சரியாகப் பார்த்தார்.

"பவானி வருசப் பிறப்புக்கு வருசப் பிறப்பு வடை சுட்டுக்கொண்டு அந்தத் தீயணைக்கிற நிலையத்துக்குப் போறவள். அவையிட்டக் காட்டட்டும். அவள்தான் முடிவு சொல்லவேணும். கழட்டித் தாரும்."

கழற்றிக் கொடுத்தேன். அடுத்த கணமே இரண்டு கைகளாலும் கால்சட்டையைப் பிடிக்கவேண்டியதாகிவிட்டது. வாசல்வரை அப்படியே போய்த்தான் வழியனுப்பினேன். கை குலுக்க அவர் கையை நீட்டினார். என்னால் நீட்ட முடியவில்லை.

சணல் கயிறு

அதற்குப் பிறகு சணல் கயிற்றால் இடுப்பைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். பெட்ரோல் ஷெட்டில் யாராவது சிகரெட் பற்றவைத்தால் பாய்ந்து விழுந்து கத்தினேன். முதலாளி, "உனக்கு என்ன வந்தது?" என்று கேட்டார்.

வீட்டில் ரெலிபோன் அடித்தால் ஏழு பேரும் என்னைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு முறையும் அது வேறு யாருக்காவதுதான். கதைப்பவனுக்குப் பக்கத்தில் நான் போய் நிற்பேன். "டேய், அங்கால போடா. என்ர அம்மா எனக்குச் சொல்லுறதை நீ என்னத்துக்குக் கேக்கிறாய்?" என்பான்.

நெஞ்சுக்குள் ஒரே கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மொட்டை இடத்தில் குறி இருந்தது என்று தெரியவந்தால்? இல்ஃபோர்ட்காரர் சூள் கொட்டியதை நினைத்தால் இருந்திருக்கத்தான் வேண்டும். அப்படியென்றால் கதை முடிந்தது.

சும்மா இருக்க ஏலாமல் ஜன்னலில் வேலை தொடங்கினேன். கறிக்கத்தியால் பெயின்டைக் கீறினேன். கத்தி உடைந்தது. திருகாணி கழற்றியால் நெம்பினேன். அரத்தால் விளிம்பை அராவினேன். பெயின்ட் தோல் தோலாக உரிந்து, வெள்ளை, பச்சை, பிறகு ஒரு பழைய மஞ்சள் என்று வந்துகொண்டேயிருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர்களில் ஒருவரும் திறந்திருக்கவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம், "டக்" என்ற சத்தத்தோடு மேலே போனது. குளிர் காற்று உள்ளே வந்து என் முகத்தில் அடித்தது. கீழே றோட்டில் போன ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். நான் கை காட்டினேன்.

"நான் பவானி"

அன்று பின்னேரமே ரெலிபோன் அடித்தது. அரைக்குருக்கள் எடுத்தார். எடுத்தவர் உடனே என்னிடம் நீட்டினார்.

"நான் பவானி கதைக்கிறன்."

அவள் குரலை நான் கேட்பது அதுதான் முதல் தரம். "ஓம்" என்றேன்.

"பெல்ட்டைக் கொண்டுபோய்க் காட்டினனான். நெருப்பணைக்கிற நிலையத்தில பென்சன் எடுத்த ஒரு வயசாளி இருக்கிறார். அவரின்ர மேசை லாச்சி நிறையப் பக்கிள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு மாதிரியாம். பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாத்தம்."

"ஓம்."

"உங்கட சட்டிக்கு முதுகில ஒரு கொண்டை இருக்கெல்லோ? சேவலுக்கு இருக்கிற மாதிரி. கவனிச்சனீங்களோ?"

"சட்டியின்ர பிடியெண்டு நினைச்சனான்."

சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. உடனே நின்றுவிட்டது.

"அது நெருப்பணைக்கிறவையின்ர பழைய தொப்பி. பட்டாளத்துத் தொப்பிக்குக் கொண்டை இல்லையாம். தொப்பியும் கோடரியும் சேந்து வந்தால் எங்கட ஆக்கள்தான் எண்டார்."

எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவள் முடிக்கவில்லை.

"நடுவில அந்தக் குறி இருந்ததுதான்."

படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"அந்தக் காலத்தில எல்லாத்திலயும் குத்தி விட்டவையாம். சண்டை முடிஞ்சாப்பிறகு அவையளே இருந்து அராவி எடுத்தவையாம். வேற பெல்ட் இல்லை, நெருப்புக்குப் போகவேணும், என்ன செய்யிறது? அந்த வயசாளியின்ர அப்பாவின்ர பெல்ட்டும் லாச்சிக்குள்ள இருக்கு. அதிலயும் நடு மொட்டை. தேப்பன் குசினி மேசையில வைச்சு அராவினதைச் சின்னனில பாத்தவராம். இருந்தது. இப்ப இல்லை. எனக்கு அது போதும்."

ஏழு பேரும் படியில் வரிசையாக நின்றார்கள்.

"ஒண்டு கேக்கிறன்" என்றாள். "ஜன்னல் திறக்குமோ?"

"திறக்கும்" என்றேன். "இண்டைக்குத்தான் திறந்தனான். சத்தியமா. கறிக்கத்தி ஒண்டு செத்துப்போச்சு."

இந்த முறை முழுசாகச் சிரித்தாள்.

திரும்பவும் பள்ளிக்கூடம்

கலியாணம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய நான் திரும்பவும் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் போனது மாப்பிள்ளையாகத்தான். நெருப்பு மணி அடித்துவிடுமென்று ஓமப் புகையைக் குறைக்கச் சொன்னார்கள். மண்டபத்தின் எல்லாக் கதவுகளையும் நான் காலையிலேயே திறந்து மூடிப் பார்த்திருந்தேன். பெண் வீட்டார் கேட்கமுதல் சொல்லவேண்டுமல்லவா?

என்னுடைய பயம் வேட்டியில் இருந்தது. பட்டு வேட்டி வழுக்கும். முந்நூறு பேருக்கு முன்னால் அது அவிழ்ந்தால் இந்தத் தொடரை நீங்கள் படிக்கவேண்டி வந்திருக்காது. நான் நாட்டைவிட்டே போயிருப்பேன். அலங்கார அறையில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஞானம் அண்ணை உள்ளே வந்தார். தோல் பையைத் திறந்தார். பெல்ட்.

"கையைத் தூக்கும் தம்பி" என்று சொல்லி, வேட்டிக்கு மேலால் தன் கையாலேயே கட்டி, பக்கிளைக் கொழுவினார். இழுத்துப் பார்த்தார். சால்வையை மேலே போர்த்தினார். மரியாதை கிடைத்ததா என்று கேட்ட வாசகரே, அந்த இடம் இதுதான்.

தாலி கட்டினேன். பவானியின் நெற்றியில் குங்குமம் வைத்தேன். அவசரத்தில் மூக்கிலும் கொஞ்சம் விழுந்தது. விரலில் மிச்சமிருந்த குங்குமத்தை என்ன செய்வதென்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தேன். குனிந்திருந்த அவளுடைய கண்ணுக்கு நேரே சால்வை விலகிப் பக்கிள் தெரிந்தது.

"அங்கையும் வையுங்கோ" என்றாள், எனக்கு மட்டும் கேட்க.

அந்த மொட்டை இடத்தில் வைத்தேன். அரைக்குருக்கள் தூரத்திலிருந்து தலையாட்டினார்.

வேட்டி கடைசிவரை அவிழவில்லை.